செக்‌ஷன் சாமிகள்

சிவஞானம் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அனுமதி கேட்டார்.

டெல்லியில் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஊறுகாய் விற்றவர்கள் உண்டு, ட்யூஷன் எடுத்தவர்கள் உண்டு. கரோல் பாகில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விட்ட ஒரு ஹெட் கிளார்க்கும் உண்டு. அவர் மேஜைப் பக்கம் போனால் வைக்கோல் வாசனை அடிக்கும். ஏன் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. சர்க்காரில் கேட்டால்தான் ஃபைல் பிறக்கும். பிறந்துவிட்டால் அதற்கு ஒரு நம்பர் உண்டு, மனிதனைவிட நீண்ட ஆயுசும் உண்டு. பதினாறு வருஷம் கிளார்க் உத்தியோகம் பார்த்த சிவஞானத்துக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் தொண்ணூற்றேழாம் வருஷம் மே மாதம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ‘ஓய்வு நேரத்தில், கேட்பவர்களுக்குச் சாமி படங்கள் வரைந்து தருகிறேன், அனுமதிக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அம்பாசமுத்திரத்துக்காரர். மனசில் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டால் அவருக்குச் செரிக்காது.

ஃபைல் பிறந்தது. செக்‌ஷன் ஆபீசர் ராஜலக்ஷ்மி மேடம் அதில் ஒரு கேள்வி போட்டார். கலைக் காரியத்தை எப்போதாவது செய்தால் குற்றமில்லை, தொழிலாகச் செய்தால் குற்றம். மனுதாரர் ஒன்றரை வருஷத்தில் பதினோரு படம் வரைந்திருக்கிறார். பதினொன்று என்பது எப்போதாவதா, தொழிலா? இந்தக் கேள்வியோடு ஃபைல் அண்டர் செக்ரட்டரி கோபாலன் அறைக்குப் போய் மூன்று மாதமாக அங்கேயே இருந்தது. அவர் ‘தொழில்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் சிவஞானம் பிரஷ்ஷைத் தொடக்கூடாது. தொட்டால் மெமோ வரும். மெமோவுக்குப் பின்னால் வருவதெல்லாம் பொல்லாதவை.

பிரஷ்ஷைத் தொடாமல் இருக்க அவரால் முடியாது. மயூர் விஹாரில் இரண்டு அறை வாடகை வீடு. பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து அதில்தான் கேன்வாஸ் நிற்கும். காலை நாலரைக்கு எழுந்து ஏழரை வரை வரைவார். ஏழரைக்கு மனைவி சாந்தகுமாரி ஒரு டம்ளரால் கண்ணாடியைத் தட்டுவாள். குளித்துச் சாப்பிட்டு எட்டு இருபதுக்குச் சார்ட்டர்ட் பஸ்ஸைப் பிடிப்பார். என்ன சோப்புப் போட்டுக் குளித்தாலும் டர்பன்டைன் வாசனை போகாது. அதனால் நெரிசலான அந்த பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். அதில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வார். டெல்லி ஜனவரிக் குளிரில் எண்ணெய்ச் சாயம் காய்வதற்குள் ஒரு இன்க்ரிமென்ட் வந்துவிடும். மே மாதத்தில் பிரஷ் கேன்வாஸைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். நடுவில் இருக்கிற மாதங்களில்தான் வேலை நடக்கும்.

படங்களுக்கு நல்ல பெயர். அச்சடித்த காலண்டர் சாமிகள் எல்லாம் ஒரே அச்சில் சுட்ட இட்லி மாதிரி இருக்க, சிவஞானத்தின் சாமிகளுக்கு மட்டும் தனிக்களை. ‘நம்ம கூடவே இருந்து பழகின முகம் மாதிரி இருக்கு’ என்பார்கள் வாங்கியவர்கள். மயூர் விஹாரிலேயே பாக்கெட் ஒன்று என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு அனந்தசயனப் பெருமாள் வரைந்து கொடுத்தார். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை அந்தப் படத்திலிருந்து மெல்லிய குறட்டை கேட்கிறது என்று அந்த வீட்டம்மாள் சத்தியம் செய்தாள். அந்த ஒரு மணி நேரம் அவர்கள் வீட்டில் மிக்ஸி போடுவதில்லை. அடுத்த பிளாக்கில் ஒரு சரஸ்வதி. அந்த வீட்டுப் பையன் அதுவரை புஸ்தகத்தைத் திறந்தவனில்லை. படம் மாட்டிய மறுநாள் முதல் ஹோம்வொர்க்கை முடித்து, நோட்டைப் படத்துக்கு நேராக விரித்துக் காட்டிவிட்டுத்தான் விளையாடப் போனான். ‘அவங்க பாக்கற பார்வையே சரியில்லை’ என்பது அவன் சொன்ன காரணம். சிவஞானத்தின் வீட்டுப் பூஜை அலமாரியிலும் அவர் கையால் வரைந்த ஒரு பிள்ளையாரும் ஒரு சரஸ்வதியும் உண்டு.

இப்படி ஏன் ஆகிறது என்று சிவஞானம் யோசித்ததில்லை. கையை அதன் போக்கில் விட்டுவிடுவார். முகம் தானாக வரும்.

எங்கிருந்து வருகிறது என்பது ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது.

டிஸ்பென்சரி கார்டைப் புதுப்பிக்க மனைவியின் கையெழுத்து வேண்டியிருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் முறையாகச் சாந்தகுமாரி அவர் ஆபீசுக்கு வந்தாள். ரிசப்ஷனில் பாஸ் எடுத்து, நாலு நீளத் தாழ்வாரங்களைக் கடந்து, செக்‌ஷன் கதவைத் தள்ளி ஓரடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கைப்பை நழுவிக் கீழே விழுந்தது.

எதிரே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு டிராஃப்டைத் திருத்திக்கொண்டிருந்தாள் சரஸ்வதி. ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்துச் சயனித்திருந்தார் பெருமாள். மூலையில் பிள்ளையார் டிபன் டப்பாவைத் திறந்து ராஜ்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யானைத் தலையும் தும்பிக்கையும் இல்லையே தவிர அந்தச் சின்னக் கண், டப்பாவுக்குள் அது விழுந்த விதம், எல்லாம் சாட்சாத் அவரேதான். சாந்தகுமாரி யோசிக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டாள்.

“அரே வாஹ்! நமஸ்தே பாபிஜி, நமஸ்தே!” என்றார் பிள்ளையாராகிய சோப்ரா, வாயில் ராஜ்மாவோடு.

“நீங்கதான் மிஸஸ் சிவஞானமா? அச்சா, உள்ளே வாங்க. ஏன் அழறீங்க?” என்றார் சரஸ்வதியாகிய ராஜலக்ஷ்மி மேடம். கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். தமிழை ஹிந்தி இழுப்பில் பேசுவார்.

“ஒண்ணுமில்லைம்மா. ரொம்ப நாளா தெனமும் உங்களைத்தான் கும்பிட்டுக்கிட்டிருந்தேன்.”

ராஜலக்ஷ்மி மேடம் இதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு டீ சொன்னார். டீயை பியூன் நேகி கொண்டுவந்தார். கர்வால் மலைக்காரர், கம்பு மாதிரி உடம்பு. தட்டை ஏந்திய கை தலைக்குமேல், மறு கையில் ஃபைல்கட்டு. கதவை ஒற்றைக்காலால் தள்ளித் திறந்துகொண்டு, கால் அந்தரத்தில் இருக்கும்போதே உடம்பைத் திருப்பி உள்ளே வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சாந்தகுமாரி எழுந்து நின்றுவிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட். யமுனைப் பாலம் தாண்டியதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, உங்களுக்கு நெசமாவே தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாது. ஒம்பதரைலேருந்து அஞ்சரை வரைக்கும் அந்த மூஞ்சிகளைத்தான் பாக்கேன். கை அதைத்தான் போடுது. நான் என்ன செய்ய?”

“அந்த டீ கொண்டாந்தவரு, போன வாரம் மாணிக்கவாசகம் சார் வீட்டுக்குக் கொடுத்தமே, அந்த நடராசர்தானே?”

சிவஞானம் கண்ணை மூடி அந்தப் படத்தைப் பார்த்தார். உடுக்கை ஏந்திய கை. தூக்கிய கால். “அவரேதான்,” என்றார். “இமயமலைக்காரரு. அந்த மட்டும் பொருத்தம்தான்.”

“பக்கத்துல சிவகாமி?”

“ராஜலக்ஷ்மி மேடம்.”

சாந்தகுமாரி விரல்விட்டு எண்ணினாள். “எல்லாரையும் பாத்தாச்சு. ஒருத்தரைத்தான் காணலை. நடராசர் காலுக்குக் கீழ ஒருத்தரு மல்லாக்கக் கெடந்தாரே, முயலகன். குண்டா, தொப்பையோட, சிரிச்சிக்கிட்டு. அவரு யாரு? இன்னைக்கு லீவா?”

சிவஞானம் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“லீவுதான்,” என்றார். “எல்.டி.சி.யில, சர்க்கார் டிக்கெட்டுல, கன்னியாகுமரி போயிருக்காரு. பதினஞ்சு நாளு. அவருகிட்டதான் என் ஃபைல் இருக்கு.”

அதோடு போயிருந்தாலும் சமாளித்திருக்கலாம். மாணிக்கவாசகம் பொதுத்துறையில் என்ஜினீயராக இருந்து ரிடையர் ஆனவர். மயூர் விஹாரில் கூட்டுறவு சொசைட்டி ஒன்றில் ஃபிளாட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். ஹாலில் நாலடிக்கு ஐந்தடி நடராஜர். அதே சொசைட்டியில் எதிர் பிளாக் கோபாலன் வீடு. சனிக்கிழமை இரவு ரயிலில் கோபாலன் வந்து இறங்குகிறார். ஞாயிறு காலை அவர்தான் முதல் விருந்தாளி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ‘வார்னிஷ் ஒரு கோட் பாக்கி’ என்று பொய் சொல்லிக்கொண்டு சிவஞானம் மாணிக்கவாசகம் வீட்டுக்குப் போனார். முயலகனின் முகத்தையே மாற்றிவிடலாம் என்று எண்ணம்.

“வார்னிஷ் வேணா போடுங்க தம்பி, முகத்துல மட்டும் கை வெக்காதீங்க,” என்றார் மாணிக்கவாசகம். சிதம்பரம் பக்கத்துக்காரர். “முந்தாநேத்தே குருக்களைக் கூப்பிட்டுக் கண் திறந்தாச்சு. கண் திறந்தப்புறம் முகத்தை அழிச்சா குத்தம்.”

“முயலகனுக்குமா சார்?”

“அவனுக்கும் கண்ணு இருக்குல்ல?”

சொல்லிவிட்டுப் பந்தல்காரரோடு சண்டை போடக் கீழே போனார். அவருடைய மகள் பிரியதர்ஷினி, டெல்லியிலேயே பிறந்து கல்லூரிக்குப் போகிற பெண், சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அழிக்கக்கூடாது. சேர்ப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. சிவஞானம் தரையில் குப்புறப் படுத்து, கறுப்புச் சாயத்தைத் தொட்டு, முயலகனின் மேலுதட்டில் ஒரு மீசை வைத்தார். கோபாலன் இருபத்தெட்டு வருஷ சர்வீசில் மீசையின் நிழல்கூட விழவிடாதவர். தினமும் இரண்டு தடவை சவரம் செய்கிறவர். மீசை வந்ததும் முயலகன் வேறு ஆள் ஆகிவிட்டான்.

“அங்கிள், அந்த ஆளுக்கு ஏன் மூஞ்ச்?”

“அசுரன்மா. அசுரனுக்கு மீசை உண்டு.”

“அச்சா. நேத்து இல்லையே?”

“ஒரே ராத்திரில வளந்துரும் அவங்களுக்கு.”

அன்று சிவஞானம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை கிரகப்பிரவேசத்துக்குப் பசு வந்தது. டெல்லியில் மாடிவீட்டுக்காரர்கள் பசுவைப் படிக்கட்டின் கீழேயே நிறுத்தி மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பிவிடுவது வழக்கம். இந்தப் பசு யாரையும் கேட்காமல் இரண்டு மாடி ஏறி ஹாலுக்கு வந்துவிட்டது. வந்தது இறங்க மறுத்து, நடராஜர் படத்துக்கு எதிரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் அதைச் சுற்றி நடந்தார்கள்.

எட்டரைக்குக் கோபாலன் மனைவி ராஜத்தோடு உள்ளே வந்தார். சிவஞானம் அவர் முகத்தைப் பார்த்தார்.

கோபாலனுக்கு மீசை இருந்தது.

“என்ன சார், புதுசா?” என்றார் மாணிக்கவாசகம்.

“லீவுதானே, யார் கேக்கப்போறான்னு விட்டுட்டேன்,” என்று அதைத் தடவிக்கொண்டார் கோபாலன். “கன்னியாகுமரிக் காத்துக்கு என்னமா வளர்றது! நாளைக்கு எடுத்துடுவேன்.”

அதே அகலம். அதே சாய்வு. இடது பக்கம் சற்றுக் கீழே இறங்கியிருந்ததுகூட அதே. படுத்துக்கொண்டு வரைந்ததால் சிவஞானத்துக்கு அப்படி அமைந்தது. கோபாலனுக்கு எப்படி அமைந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

சாந்தகுமாரி புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “கெளம்பிருவமா?”

“இரு. பாப்போம்.” பயத்தைவிட அவருக்கு இப்போது என்ன நடக்கும் என்று பார்க்கிற ஆசை பெரிதாகிவிட்டது.

கோபாலன் பசுவை ஒதுக்கிவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றார். கும்பிட்டார். கும்பிட்ட கை பாதியில் நின்றது.

“அட! இது நம்ம நேகின்னா!”

ஹால் முழுக்கத் திரும்பியது.

“நேகின்னா யாரு?” என்றார் மாணிக்கவாசகம்.

“எங்க ஆபீஸ் பியூன்.”

மாணிக்கவாசகத்தின் முகம் ஒரு சுற்றுச் சிறுத்தது. “மனுசன் எப்படி?”

“தங்கமான மனுஷன். மூணு மாடி ஏறி எட்டு கிளாஸ் டீ கொண்டுவருவான், ஒரு சொட்டு சிந்தாது.”

மாணிக்கவாசகம் சற்று யோசித்தார். “அப்ப சரி,” என்றார்.

கோபாலனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “இது ராஜலக்ஷ்மி! ஓய் சிவஞானம், கெட்டிக்காரர்ங்காணும் நீர்! கண்ணாடி மட்டும்தான் இல்லை. இந்த ஓரத்துல மத்தளம் அடிக்கிற நந்தி சோப்ரா, சந்தேகமே இல்லை. எல்லாரையும் கொண்டுவந்துட்டீரே! சரி, நான் எங்கே?”

பிரியதர்ஷினி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். ஹாலில் இருந்த முப்பது பேரும் கோபாலனைப் பார்த்தார்கள், படத்தின் அடியைப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள்.

கோபாலன் தேடினார். கழுத்துப் பாம்பில் தேடினார். கையிலிருந்த நெருப்பில் தேடினார். திருவாசியின் சுடர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து, ஸ்டேட்மென்ட் சரிபார்ப்பது போல முப்பத்திரண்டு எண்ணினார்.

“ஏன்னா, இன்னும் கொஞ்சம் கீழே பாருங்கோ,” என்றாள் ராஜம். சிரிக்காமல் சொல்ல அவளால் முடிந்தது. முப்பது வருஷம் பழகியவள்.

“கீழேயா? கீழே பீடம்தானே இருக்கு.” குனிந்தார். முயலகனின் மூக்குக்கும் அவர் மூக்குக்கும் ஒரு ஜாண் இருந்தது. இரண்டு மீசைகளும் நேருக்கு நேர் நின்றன. பசுவே ஒரு முறை அவரைப் பார்த்தது, ஒரு முறை படத்தைப் பார்த்தது, பிறகு ஹூம் என்று மூச்சுவிட்டுத் தானாகவே மாடிப்படி இறங்கிப் போய்விட்டது.

கோபாலன் நிமிர்ந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“நான் இல்லை,” என்றார்.

திங்கட்கிழமை பத்தே காலுக்கு நேகி வந்து, “சாப் புலா ரஹே ஹைன்,” என்று கோபாலன் கூப்பிடுவதாகச் சொன்னார். சிவஞானம் நேகியின் பாதங்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டு எழுந்தார்.

கோபாலன் அறையில் மேஜைமேல் ஒரே ஒரு ஃபைல் திறந்திருந்தது. சிவஞானத்தின் ஃபைல்தான். கோபாலன் காலையில் சவரம் செய்திருந்தார். மேலுதடு மட்டும் வெளிறித் தனியாகத் தெரிந்தது.

“உட்காரும்.”

அந்த அறையில் கிளார்க்குகள் உட்கார்ந்த சரித்திரம் கிடையாது. சிவஞானம் நாற்காலியின் நுனியில் முதுகு படாமல் தொத்திக்கொண்டார்.

“உம்ம ஃபைல். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு எழுதறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். பியூன் இருக்கான். பேப்பர் படிச்சுண்டே தூங்கற திவாரிகூடப் பாக்கெட் ஒண்ணுல பெருமாளா இருக்கானாம், நேத்துக் கேள்விப்பட்டேன். இந்த செக்‌ஷனுக்கு நான் அண்டர் செக்ரட்டரி. எனக்கு ஒரு இடமில்லையா? என் மூஞ்சி படத்துக்கு லாயக்கில்லையா?”

“அப்படியெல்லாம் இல்லை சார்.”

“பின்னே?”

சிவஞானம் பதில் தேடினார். ‘நீங்க இருக்கீக’ என்றால் எங்கே என்று கேட்பார். ‘இல்லை’ என்றால் அது பொய். சனிக்கிழமை சொன்ன பொய்க்கே மீசை முளைத்தது.

“சொல்ல வரமாட்டேங்குது சார். வரைஞ்சு காட்டட்டுமா?”

“இப்பவா? வரையும்! எதுல வரைவீர்?”

மேஜையில் வேறு தாள் இல்லை. கோபாலன் ஃபைலையே அவர் பக்கம் திருப்பினார். பச்சை நோட் ஷீட், பதினான்காம் பக்கம், காலியாக இருந்தது. சிவஞானம் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கோபாலன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, உயர் அதிகாரியாக உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம் பென்சில் மட்டும் பேசியது. சிவஞானம் கையை அதன் போக்கில் விட்டார். கன்னம் வந்தது, மோவாய் வந்தது, காது வந்தது. கடைசியில் அவரே எதிர்பாராமல் ஒரு சிரிப்பு வந்தது. ஃபைலைத் திருப்பி வைத்தார்.

கோபாலன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஃபைலைத் தலைகீழாக்கி, படம் மல்லாந்து கிடக்கிற மாதிரி வைத்துப் பார்த்தார்.

“ராஜம் கீழே பாக்கச் சொன்னா,” என்றார் கடைசியாக.

“சார், வேணும்னு செய்யலை. ஃபைலை நெனச்சுக்கிட்டே வரைஞ்சேன். கை…”

“இரும்.” மணியை அடித்தார். நேகி வந்து நின்றார். கோபாலன் எட்டி, மேஜைக்கு அப்பால் தெரிந்த நேகியின் வலது காலை வெகுநேரம் பார்த்தார். “நேகி, தும்ஹாரா வஜன் கித்னா ஹை?” என்று எடையைக் கேட்டார்.

“பச்பன் கிலோ, சாப்.”

“டீக் ஹை. ஜாவ்.” நேகி போனார். கோபாலன் சிவஞானத்தைப் பார்த்தார். “அம்பத்தஞ்சு கிலோதான். தாங்கலாம்.”

சிவஞானம் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஒரு சந்தேகம் ஓய். கால் மேல இருக்கு. நான் ஏன் சிரிக்கிறேன்? இந்த ஆபீசிலே நான் சிரிச்சு நீர் எப்போ பார்த்தீர்?”

“பாத்ததே இல்லை சார். இங்கே எப்படி வந்துதுன்னு எனக்கே தெரியலை.”

கோபாலன் படத்தை உற்றுப் பார்த்தார். வெளியே தாழ்வாரத்தில் யாரோ ஃபைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் கிரீச்சிட்டு, நெருங்கி, கதவருகே ஒரு விநாடி நின்று, தாண்டிப் போனது. கோபாலன் மூச்சை விட்டார்.

“எனக்குத் தெரியறது,” என்றார். “அங்கே கிடக்கறவனுக்கு ஃபைல் வராது. கால் மேலே இருக்கிற வரைக்கும் அவனை யாரும் எழுந்திருன்னு சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருஷமா நான் தேடற போஸ்டிங் ஓய் அது.”

பேனாவை எடுத்தார். பக்கத்தைக் கிழித்துவிடப் போகிறார் என்று நினைத்தார் சிவஞானம். ஆனால் ஃபைலில் பக்க எண் போட்டாகிவிட்டது. பதினான்காம் பக்கம் போனால் பதின்மூன்றும் பதினைந்தும் என்றைக்காவது ஆடிட்டில் பேசும். ஃபைலில் வந்தது ஃபைலில்தான் இருக்க வேண்டும். கோபாலன் தன் முகத்தின் கீழே ‘பார்த்தேன்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி வைத்தார். பிறகு பதினைந்தாம் பக்கத்தில், மனுதாரர் தொழில் செய்வதாகத் தெரியவில்லை, தொழில் செய்கிறவன் வாங்குகிறவர்களுக்குப் பிடித்த முகத்தைப் போடுவான், மனுதாரர் வருகிற முகத்தைப் போடுகிறார், எனவே இது கலை, அனுமதிக்கலாம் என்று எழுதினார்.

அவருக்கு மேலே டெபுடி செக்ரட்டரி ஒருவர் இருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது. ஃபைல் மூன்றாம் நாள் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: ‘பக்கம் 14-இல் இருப்பவர் யார்? விளக்கவும்.’ சிவஞானத்துக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. கோபாலன் அதன் கீழே ‘கீழே கையெழுத்திட்டிருப்பவர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். மறுநாள் ஃபைல் மறுபடி வந்தது. டெபுடி செக்ரட்டரி ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தார். முகத்தை ஒத்துக்கொண்டாரா, அனுமதியையா என்று ராஜலக்ஷ்மி மேடத்துக்குச் சந்தேகம். கேட்கலாமா என்று பேனாவை எடுத்தவர், எதிர் மேஜையில் சிவஞானம் கைகூப்பி நிற்பதைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

“ஏக் பாத் சொல்லுங்க சிவஞானம்,” என்றார். “உங்க வைஃப் அன்னிக்கு என்னைப் பாத்து ஏன் அழுதாங்க?”

“சந்தோசத்துலதான் மேடம்.”

மறுநாள் காலை நாலரை மணிக்குப் பால்கனியில் புதுக் கேன்வாஸ். பஸ்ஸில் சீட்டு விளையாடுகிற ஒருவர் ஆஞ்சநேயர் கேட்டிருந்தார். அனுமதி பெற்று வரைகிற முதல் படம். சிவஞானத்துக்குக் கை சற்றுக் கூசியது. தெரிந்துகொண்டே வரைந்தால் முகம் வருமா? வந்தால் யார் வருவார்? செக்‌ஷனில் மிச்சம் இருப்பது வாட்டர் கூலர் மட்டும்தான்.

கையை விட்டார். வந்தது. தாடை வந்தது, அகன்ற நெற்றி வந்தது, இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்துகொண்டன. வலது கன்னத்தில் ஒரு மச்சம் தானாக விழுந்தது.

ஏழரைக்குச் சாந்தகுமாரி டம்ளரோடு வந்தாள். கண்ணாடியைத் தட்ட மறந்து உள்ளே வந்து படத்தை எட்டிப் பார்த்தாள்.

“இது யாருங்க? அன்னைக்கு நான் வந்தப்ப இவரு இல்லையே.”

சிவஞானம் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு பின்னால் தள்ளி நின்று பார்த்தார். சத்தியமாக அந்த ஆளை அவர் பார்த்ததே இல்லை.

“தெரியலை,” என்றார். “ஆபீசுக்குப் போனாத்தான் தெரியும்.”

அன்று அவர் சாப்பிடக்கூட நிற்கவில்லை. முந்தின பஸ்ஸைப் பிடித்தார்.